வால் முளைத்த உரம்

எனக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. வளர்த்த பிள்ளைகள் ஆறு. மூத்தவர்கள் ஐந்து பேரும் தாங்களாகவே கடல் கடந்து போனார்கள். மூன்று பேர் இத்தாலியில், மற்ற இரண்டு பேரும் எங்கெங்கோ. (எங்கெங்கோ என்றால் எனக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள், அவ்வளவுதான்.) ஆறாவது பிள்ளையை மட்டும் நான்தான் திரும்ப அனுப்பி வைத்தேன். அதுவும் பதினெட்டுக் கட்டா மீனைக் கொண்டு.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சொல்லும்போது நானும் கூடவே சிரிப்பேன். ஆனால் அவர்கள் சொல்லும் கதையில் ஒரு துண்டு குறைகிறது. அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது. அதனால் இந்த முறை நானே சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் கையெழுத்தை என்னாலேயே திரும்ப வாசிக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ரொஷானி எழுதுகிறாள். இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். சிரிக்கட்டும், வயது பதினான்குதானே.

எங்கள் வீடு மாம்புரியில். முன்னால் தென்னை, பின்னால் கொஞ்சத் தூரத்தில் கடல். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு வெட்டை, மரம் மட்டை இல்லாத வெறும் திறந்த இடம், இருந்தது. வீட்டுச் சுவர் மறைப்பதால் அங்கே காற்று முரட்டுத்தனமாக வராது, வெயில் மட்டும் நன்றாக விழும். முப்பது வருடம் அந்த வெட்டையில்தான் நான் கருவாடு காய வைத்தேன். மாம்புரியில் கருவாடு போடாத வீடு இல்லை. ஆனால் மற்றவர்களின் கருவாட்டைக் கடித்தால் பல்லில் மண் நறநற என்று கடிபடும். என்னுடையதில் கடிபடாது. பாலாவிச் சந்தியில் லொறிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள், "மண் இல்லாத அம்மாவிட்ட வாங்கு" என்று. எனக்குப் படிப்பு இல்லை, பவுண் இல்லை, முகத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை. மண் இல்லை என்பதுதான் நான் சேர்த்த சொத்து.

கடைசி மகன் ஜெரோம் பன்னிரண்டு வருடம் துபாயில் இருந்தான். பெரிய கோல்ஃப் மைதானம் ஒன்றில் வேலை. என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் "மைதானத்தில் மேற்பார்வை" என்று சொல்லி வைத்திருந்தேன். புல்லு வெட்டுகிறான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. புல்லு வெட்டத் துபாய்க்கு ஏன் போக வேண்டும், இங்கேயே ஒரு மாடு வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று எவளாவது கேட்டுவிட்டால் நான் என்ன செய்வது?

நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருடத்தில் எங்கள் கரை மாறிப்போனது. முன்பு நேவிக்காரர்கள் நின்ற இடங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து நின்றார்கள். தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பாய்ந்தார்கள். அந்தக் காற்றுக்குப் பயந்து எங்கள் ஆண்கள் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு இருப்பார்கள். இவர்கள் அதற்காகவே பிளேன் ஏறி வந்தார்கள். பிறகு ஓட்டல்கள் வந்தன. எங்கள் வீட்டுக்கு ஒரு கட்டை (ஒரு மைல்) தூரத்தில் ஒரு பெரிய ஓட்டல் எழும்பியது. அங்கே விருந்தாளிகள் விளையாட ஒரு கோல்ஃப் புல்தரை போடப் போகிறார்கள், அதைப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று ஜெரோமுக்கு யாரோ போனில் சொல்லிவிட்டார்கள்.

லீவு எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஓட்டலில் போய்ப் பார்த்தான். அங்கே மனேஜராக இருந்தவர் கொழும்புத் தமிழர், கறாரான மனிதர். "வேலை தெரியும் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. நீர் வளர்த்த புல்லை ஒருக்கா எனக்குக் காட்டும். பார்த்துட்டுச் சொல்றன்" என்றாராம்.

அப்படித்தான் என் வெட்டைக்கு ஆபத்து வந்தது.

"அம்மா, பின்னுக்கு இருக்கிற இடத்தைத் தாங்க. மூணு மாசத்தில சின்னதா ஒரு கிறீன், பந்து உருட்டுற புல்தரை, போட்டுக் காட்டுறன்."

"கருவாட்டை எங்கடா போடுறது? உன்ட தலையிலயா?"

"வேலிப் பக்கம் பரண் கட்டித் தாறன். அம்மா, இந்த வேலை கிடைச்சா நான் திரும்பிப் போக மாட்டன். இங்கயே இருப்பன். சத்தியமா."

மருமகள் மெர்சி அடுப்படி வாசலில் நின்றாள். இடுப்பில் நாலு வயது ரொஷானி. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்றால் போன். இவன் நேரில் வந்து நின்றபோது போனை எடுத்துக் காதில் வைத்து "அப்பா வந்திருக்கு" என்று தகப்பனுக்கே சொன்ன பிள்ளை. (எழுது மகள், எழுது. நீ அப்படித்தான் செய்தாய்.) என் வெட்டையை விட்டுக்கொடுத்தேன்.

கிறீன் என்றால் ஏதோ புல்லை நட்டுத் தண்ணீர் விடுவது என்று நினைத்திருந்தேன். அது ஒரு பிள்ளைப்பேறு. வெட்டையைத் தோண்டினான். அடியில் கல் போட்டான், மேலே பெருமணல், அதற்கு மேல் குறுமணலும் எருவும். பிறகு கொழும்பில் இருந்து சாக்கில் கொண்டு வந்த புல்லுத் தண்டுகளை வற்றாளைக் கிழங்குக் கொடி நடுவதுபோல் ஒவ்வொன்றாக நட்டான். முளைத்த பிறகு தொடங்கியது சட்டம். செருப்போடு ஏறக் கூடாது. குதிக்கால் ஊன்றக் கூடாது. வெயில் ஏறுமுன் தண்ணீர் விட வேண்டும். மணல் விழுந்தால் மெல்லிய விளக்குமாற்றால் கூட்ட வேண்டும். கொங்கிறீட் நிரப்பிய குழாய் ஒன்றை உருட்டி உருட்டிச் சமமாக்க வேண்டும். புல்லின் உயரம் மூன்று மில்லிமீற்றர். அளந்து பார்ப்பான். என் ஆறு பிள்ளைகளின் உயரத்தை நான் ஒரு நாளும் அளந்ததில்லை.

நடுவில் ஒரு பால்மா டின்னைப் புதைத்துக் குழி செய்தான். கோயில் திருவிழாவில் மிஞ்சிய சிவப்புத் துணியில் கொடி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கதீஜா ராத்தா இருந்தார். (முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள்.) கரைத்தீவில் கட்டிக் கொடுத்திருந்த மகளின் வீட்டுக்குப் போகாத நாளெல்லாம் எங்கள் வேலியில்தான் அவருடைய முகம் இருக்கும்.

"தங்கச்சி, அந்த டின்னுக்குள்ள என்னா ஈக்கி?"

"ஒண்டுமில்ல ராத்தா. பந்து விழுறதுக்கு."

"விழுந்தா?"

"திரும்ப எடுக்கிறது."

"எடுத்து?"

"திரும்ப விழுத்துறது."

ராத்தா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டார். "வேலை இல்லாத ஆக்களுக்கு அல்லாஹ் எவ்வளவு வேலைய வெச்சீக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது மாதத்தில் அந்தப் புல்லு அழகாக இருந்தது. உள்ளங்கையால் தடவினால் பட்டுச் சேலை. ஒரு மணல் இல்லை, ஒரு சருகு இல்லை. எங்கள் கிணறு வெயில் காலத்தில் உவர்க்கும். புல்லு செத்துப் போகுமே என்று நான் பயந்தபோது ஜெரோம் சிரித்தான். "இது உப்புத் தண்ணி குடிக்கிற சாதிப் புல்லு அம்மா. துபாயில கடல் ஓரத்துக்கு இதைத்தான் போடுறது. இதுக்கு உப்புப் பயம் இல்ல."

பூசையில் கேட்ட வாசகம்போல் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

மனேஜர் வருவதற்கு நாள் குறித்தாயிற்று. அவரோடு, புல்தரை போட்டுக் கொடுப்பதற்காக வந்த ஒரு வெள்ளைக்காரரும் வருகிறார் என்றார்கள். அதற்கு நாலு நாள் இருக்கும்போது, கையால் தள்ளுகிற புல்வெட்டியின் கத்தி மழுங்கிவிட்டது. சாணை பிடிக்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டுமாம். போகிற வழியில் மெர்சியையும் பிள்ளையையும் சிலாபத்தில் அவளுடைய தாய் வீட்டில் விட்டுவிட்டு, வரும்போது கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

வாசலில் நின்று எனக்குச் சட்டம் முழுவதையும் திரும்ப ஒப்புவித்தான். "ஒருத்தரையும் ஏற விடாதீங்க. ஆடு, நாய், கோழி ஒண்டும். தண்ணி ரெண்டு நேரம். மணல் விழுந்தா கூட்டுங்க. விளங்கிச்சா?"

"ஆறு பிள்ளையை வளர்த்தவளுக்கு ஒரு துண்டுப் புல்லைப் பார்க்கத் தெரியாதா? போடா."

சட்டத்தில் ஆடு இருந்தது, நாய் இருந்தது, கோழி இருந்தது. மீன் இருக்கவில்லை.

அவன் போன அன்று காலையிலேயே தெரிந்த வள்ளக்காரச் சம்மாட்டி ஒருவர் கட்டா மீன் அனுப்பினார். பதினெட்டு. எல்லாம் ஒரே அளவு, வெள்ளித் தட்டுப்போல். பார்த்தவுடனே எனக்கு யோசனை வந்தது. வேலை கேட்கிற இடத்துக்கு வெறுங்கையோடு நிற்கலாமா? எங்கள் பக்கத்தில் அது பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனாலும், காணி எழுதிக்கொள்ளக் கந்தோருக்குப் போனாலும், பெண் கேட்டுப் போனாலும் கையில் ஒரு கருவாட்டுப் பார்சல் இருக்கும். அது இலஞ்சம் இல்லை. நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று சொல்லும் கடிதம். எழுதத் தெரியாத எனக்கு வேறு எந்தக் கடிதம் இருக்கிறது? மனேஜர் ஒரு துண்டைப் பொரித்துத் தின்று பார்க்கட்டும், பல்லில் ஒரு மண் கடிபடட்டும் பார்ப்போம், பிறகு என் மகனுக்கு எப்படி இல்லை என்று சொல்லுவார்?

முதுகைக் கீறி, புத்தகம்போல் விரித்து, குடலை எடுத்து, கழுவி, உப்பு அடைத்துச் சாடியில் அடுக்கினேன். அடுத்த நாள் காலையில் எடுத்துக்கொண்டு வேலிப் பரணுக்குப் போனால், அன்றைக்குத்தான் கச்சான் காற்று எழும்பியிருந்தது. பரண் முழுக்க மணல். மகன் கட்டித் தந்த பரண் மகனைப்போலவே, பார்க்க நல்ல உயரம், காற்றுக்கு ஆடுகிறது. ஒரு மீனை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் அது அரிசி மாவில் புரட்டியதுபோல் ஆகிவிட்டது.

பரணில் இருந்து திரும்பினேன். சுவரின் மறைவில், வெயிலில், கூட்டிப் பெருக்கி, மணல் ஒன்று இல்லாமல், பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தது என் பழைய இடம்.

உப்புக்குப் பயமில்லாத புல்லு. அவன் வாயாலேயே சொன்னது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு (சட்டம்!), குதிக்காலைத் தூக்கி, முன்விரலில் நடந்து, பதினெட்டு மீனையும் ஆறு ஆறாக மூன்று வரிசையில் விரித்தேன். ஓலையைக் கீழே போடலாமா என்று நினைத்தேன். போடவில்லை. ஓலை போட்டால் புல்லு நசுங்கும் என்று அவ்வளவு கவனம்.

கதீஜா ராத்தா வேலியில் வந்தார். "யா அல்லாஹ்! பந்து வெளயாடுற எடத்தில மீன் வெளயாடுது. மகன் ஏச மாட்டானா?"

"அவனுக்காகத்தானே ராத்தா போடுறன்."

நடுப்பகலில் மீனைப் புரட்ட வேண்டும். புரட்டும்போது பழைய இடத்தில் ஈரம் இருக்கும், புது இடத்தில் வைக்க வேண்டும். இது என் கருவாட்டின் இரகசியம், வேறு யாருக்கும் சொன்னதில்லை. அப்படியே புது இடத்தில் வைத்தேன். மாலையில் எடுத்தேன். அடுத்த நாளும் அதே மாதிரி. ஒரு மீன் நாலு இடத்தில் படுத்து எழும்பியது. கணக்கு எனக்கு வராது, ரொஷானியிடம் கேளுங்கள் எத்தனை இடம் என்று.

மூன்றாம் நாள் விடியத் தண்ணீர் விடப் போனேன். கிறீன் முழுக்க மீன்.

மீன் எல்லாம் எடுத்து உள்ளே கட்டி வைத்தாயிற்று. ஆனால் மீன் அங்கேதான் கிடந்தது. மஞ்சள் நிறத்தில். தலை, விரித்த வயிறு, இரண்டாகப் பிரிந்த வால், எல்லாம் அச்சடித்ததுபோல். சிலது ஒன்றன்மேல் ஒன்று. உப்புத் தண்ணீர் குடிக்கிற புல்லையும் கருவாட்டு உப்பு எரித்துவிடும் என்று எனக்கு யார் சொன்னது? ஒரு கூட்டம் கட்டா அந்தக் கொடியைப் பார்த்து நீந்திப் போவதுபோல் இருந்தது. வேறு யாருடைய வீட்டு வளவாக இருந்தாலும் நானே வேலியில் நின்று சிரித்திருப்பேன்.

கண்ணைக் கசக்கினேன். வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். மீன்கள் இன்னும் தெளிவாயின. அப்போது எனக்கு வந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அடிக்கலாம். முருங்கை இலையை உருவிக் கொண்டு வந்து, மீன் மீனாக மஞ்சள் தெரியாமல் தூவினேன். ஒரு மணித்தியாலம் குந்தி இருந்து தூவியிருப்பேன்.

"இன்டைக்குத்தான் வெளங்கிச்சு" என்றார் ராத்தா வேலியில் இருந்து. "மீனப் போட்டீங்க, இப்ப கீரையப் போடுறீங்க. தேங்காப்பால் எப்ப?"

சுவரைச் சுற்றி ஒரு காற்று வந்தது. இலை எல்லாம் எழும்பி என் தலையில் விழுந்தது. மீன்கள் திரும்பவும் நீந்தத் தொடங்கின.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜெரோம் வந்தான். தோளில் சாணை பிடித்த புல்வெட்டி. பின்னால் மெர்சியும் பிள்ளையும். நேராகப் பின்பக்கம் போனான். நான் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்தேன். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நான்தான் வெளியே போனேன். புல்வெட்டியை இன்னும் தோளில் இருந்து இறக்காமல் நின்றான்.

"அம்மா, என்ன மீன்?"

"கட்டா."

"எத்தனை?"

"பதினெட்டு."

"நல்லா வந்திருக்கா?"

"ஒரு மண் இல்ல மகன்" என்றேன்.

அதற்கு அவன் ஏதாவது ஏசியிருக்கலாம். அவனுடைய தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதினெட்டையும் என் கழுத்தில் கட்டித் தொங்க விட்டிருப்பார். இவன் புல்வெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, மீன்களுக்கு நடுவில் குந்தி, ஒரு வாலைத் தடவிப் பார்த்தான். சின்னது ரொஷானி ஓடிப்போய் "அப்பா, மீன்! அப்பா, இன்னொரு மீன்!" என்று எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபதுக்குப் பக்கத்தில் வந்திருக்கும், மெர்சி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வருகிறவர்களை இன்னொரு நாள் வரச் சொல்ல வழியில்லை. வெள்ளைக்காரர் அந்த வாரமே போகிறாராம். அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள்.

இனி வருவதுதான் குறைந்த துண்டு.

நான் நல்ல சேலை கட்டியிருந்தேன். தேத்தண்ணிக்கு வீட்டில் இருந்ததில் விளிம்பு உடையாத கோப்பைகள். பதினெட்டில் மிகச் சிறந்த ஆறைத் தெரிந்தெடுத்துப் பேப்பரில் சுற்றி, மேலே வாழைநார் கட்டிப் பார்சல் ஆயத்தமாக இருந்தது. அடுப்படிக் கதவடியில் பார்சலோடு நின்றேன். கதவில் இருந்து கிறீனுக்கு ஆறு ஏழு அடி. அவர்கள் மூச்சு விட்டாலும் எனக்குக் கேட்கும்.

வெள்ளைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். குந்திப் புல்லைத் தடவினார். ஒரு பந்தை வைத்துக் கம்பால் மெதுவாகத் தட்டினார். பந்து குழியைப் பார்த்து அழகாகப் போனது, போனது, ஒரு காய்ந்த வாலில் தட்டி ஒரு துள்ளுத் துள்ளி வேறு பக்கம் திரும்பியது. இன்னொரு பந்து. அது ஒரு தலையில் மோதி நின்றது. எங்கிருந்தோ எங்கள் பூனை வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் மீனை மணந்து பார்த்தது. அதற்கும் குழப்பம்.

மனேஜர் கேட்டார். "இது என்ன ஜெரோம்?"

என் மகன் சொன்னான். "என்ட பிழை சேர். உரம் கூடிப் போச்சு."

"உரமா?"

"ஓம் சேர். நான்தான் அளவு பிழையாப் போட்டுட்டன்."

மனேஜர் ஒரு மீனைச் சுற்றி நடந்தார். இன்னொரு மீனைச் சுற்றி நடந்தார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: "ஜெரோம், உம்மட உரத்துக்கு வால் எல்லாம் முளைச்சிருக்கே?"

வீட்டில் எல்லோரும் சிரிக்கும் இடம் இதுதான். ஜெரோமே சொல்லிச் சிரிப்பான். சொல்லி முடித்துவிட்டு, "பாவம் அம்மா, உள்ளுக்கு நிண்டவ, ஒண்டும் கேக்கல்ல" என்பான். நானும் ஓம் என்பேன். பத்து வருடமாக ஓம் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு எல்லாம் கேட்டது.

ஒரு எட்டு வைத்தால் போதும். "சேர், அது உரமில்ல. நான்தான் கருவாடு காய வெச்சன். பிள்ளை பொய் சொல்றான், என்னைக் காப்பாத்துறதுக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மாம்புரியில் நான் வாய் திறக்காத சண்டை இல்லை. மீன் வாடியில் சம்மாட்டிமாரை நிறுத்தி வைத்துப் பேசியவள். கோயில் சுவாமியாருக்கே, பாவத்தைச் சொல்லப் போன பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வைத்துத் திருத்தம் சொன்னவள். அந்த வாய் அன்று திறக்கவில்லை. பயமா? இல்லை. வெட்கம். வெள்ளைச் சேட்டுப் போட்ட இரண்டு பேருக்கு முன்னால், புல்லில் மீன் காயப்போட்ட மடக் கிழவியாக நிற்க எனக்கு மனமில்லை. மண் இல்லாத அம்மா என்ற பெயரோடு அவர்களுக்கு முன்னால் போக நினைத்தேன். அந்தப் பெயர் இல்லாமல் போக எனக்குத் தெரியவில்லை.

பார்சலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பூனை வந்து என் பின்னால் நின்று கத்தியது. காலால் தள்ளினேன்.

ஜெரோம் குந்தி, சிதறிக் கிடந்த இரண்டு பந்தையும் பொறுக்கினான். மனேஜர், "சரி, அறிவிக்கிறம்" என்றார். தேத்தண்ணி குடிக்காமல் போனார்கள். எங்கள் வாசலில் இருந்து தேத்தண்ணி குடிக்காமல் போனவர்கள் அதற்கு முன்பு இல்லை.

அறிவிக்கவில்லை. ஜெரோமின் லீவு முடிந்தது. வேனில் ஏறும்போது ரொஷானியைத் தூக்கிக் கொஞ்சினான். அவள் "போனில வாங்கப்பா" என்றாள். என்னைப் பார்த்து, "அம்மா, கிறீனை மட்டும் காய விட்டுடாதீங்க" என்றான். பிறகு சிரித்தான். "மீனைக் காய விடுங்க."

அவன் போய் மூன்று கிழமை இருக்கும். ஒரு நாள் பின்னேரம் ஓட்டல் வாகனம் வந்து வாசலில் நின்றது. வேலைதான் வந்துவிட்டது என்று வாசலுக்கு ஓடினேன். இறங்கியவர் சாரதி சுனில், சிலாபத்து ஆள், தமிழும் சிங்களமும் ஒன்றாகப் பேசுவார்.

"அம்மா, மண் இல்லாத கருவாடு இங்கதானே? ஓட்டல் குசினிக்குச் சமைக்க வேணும்."

வேறு ஒரு கதையும் வரவில்லை. நானே கேட்டேன், என் மகனுடைய வேலை என்ன ஆயிற்று என்று.

"அதுக்கு வேற ஆள் எடுத்தாச்சு அம்மா. சேருக்கு அண்டைக்குச் சரியான கவலை. வாகனத்தில வரேக்க வெள்ளைக்காரர் சொன்னாரு, புல்லு நல்லா வளர்த்திருக்கான், மீன் போட்ட இடம் ரெண்டு மாசத்தில வந்துடும், பரவாயில்ல எண்டு. சேர்தான் வேணாம் எண்டாரு. ஒரு மீனுக்கே பொய் சொல்ற ஆளை எப்பிடி நம்புறது எண்டாரு. உண்மையைச் சொல்லியிருந்தா அந்த இடத்திலயே எடுத்திருப்பாராம்."

சுனில் சொல்லிக்கொண்டே கை விரலைச் சொடுக்கினார். அவருக்கு அது ஓட்டலில் நடந்த நூறு கதையில் ஒரு கதை.

நான் உள்ளே போனேன். அன்று முதுகுக்குப் பின்னால் மறைத்த பார்சல் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியது. அதை யாரையும் தொட விடவில்லை, ஏன் என்று எனக்கே தெரியாது. இறக்கிக் கொண்டு வந்து சுனிலின் கையில் கொடுத்தேன்.

"இதை உங்கட சேரிட்டக் குடுங்க. இதுதான் அந்த வால் முளைச்ச உரம் எண்டு சொல்லுங்க. போட்டது மகன் இல்ல, தாய் எண்டும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு மூன்று முறை ஓட்டல் வாகனம் வந்தது. சேர் இன்னும் கேட்கிறார், ஒரு மண் இல்லையாம், அப்படி ஒரு கருவாடு தின்றதில்லையாம் என்றார் சுனில். மூன்று முறையும் இல்லை என்றேன். பரண் நிறையக் காய்ந்துகொண்டிருந்தது. சுனிலுக்கும் அது தெரிந்தது. அவர் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

சுனில் சொன்னதை நான் ஜெரோமிடம் சொல்லவில்லை. மெர்சியிடம் சொல்லவில்லை. ராத்தாவிடமும் சொல்லவில்லை. (வேலியால் அவருக்குக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், மாம்புரியில் அவர் வெளியே விடாத கதை இது ஒன்றுதான்.)

இப்போது எங்கள் வீட்டில் கருவாட்டுக்குக் கருவாடு என்ற பெயரே இல்லை. "அம்மா, கொஞ்சம் உரம் போடுங்க" என்று சோற்றுக் கோப்பையை நீட்டுவார்கள். இத்தாலியில் இருந்து மூத்தவள் போன் எடுத்தால், "வாறவங்களிட்ட ஒரு கிலோ உரம் குடுத்து விடுங்க" என்பாள். வீட்டில் யாராவது வேலைக்குப் பரீட்சை எழுதப் போனால், நேர்முகத்துக்குப் போனால், "முதல்ல அம்மாவை அறையில பூட்டிட்டுப் போ" என்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு.

கிறீன் இன்னும் இருக்கிறது. நான்தான் பார்க்கிறேன். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் தண்ணீர். புல்வெட்டியைத் தள்ள இப்போது கையில் பலமில்லை. கத்தரிக்கோலால், பலகையில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் வெட்டுகிறேன். கடைசியில் போய்ச் சேரும்போது தொடங்கிய இடம் வளர்ந்திருக்கும். மூன்று மில்லிமீற்றர் வராது. முப்பது வரும். வெள்ளைக்காரர் சொன்னது சரிதான், மீன் எல்லாம் இரண்டு மாதத்தில் மறைந்துவிட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கே எது கிடந்தது என்று நான் மட்டும் விரல் வைத்துக் காட்டுவேன். அவன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பத்துப் பந்து தட்டுவான். பிறகு பெட்டியைக் கட்டுவான். அங்கே ஒன்றும் முளைக்காத மணலில் யாரோ விளையாட என் மகன் புல்லு வளர்க்கிறான். இங்கே யாரும் விளையாடாத புல்லை நான் வளர்க்கிறேன்.

இதுதான் குறைந்த துண்டு. போனில் நான் பல தரம் தொடங்கியிருக்கிறேன். "மகன், அண்டைக்கு..." என்பேன். "என்னம்மா, இண்டைக்கு என்ன மீன் காயுது?" என்று அவன் சிரித்துவிடுவான். பிறகு எனக்கு வராது.

ரொஷானி, எழுதினது போதும் மகள். இப்ப நீ ஏன் சிரிக்காமல் இருக்கிறாய்? கண்ணைத் துடை, எழுத்து அழிந்துவிடும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, உன் அப்பாவுக்கு லீவு. போனை எடுத்து அவரைக் கூப்பிடு. கூப்பிட்டு, போனை இந்தக் கதிரையில் வை. வைத்துவிட்டு முதலில் இருந்து வாசி. சத்தமாக வாசி. கதவடியில் நின்ற இடம் வரும்போது விட்டுவிட்டுப் போகாதே.

நான் இங்கேதான் இருக்கிறேன், உள்ளே போகவில்லை. வாசி.